செய்தேனா, செய்வித்தேனா?

பலர் கூடிச் செய்து முடித்த ஒரு காரியத்தை, அவர்களில் ஒருவர் மட்டும் ஒரு சபையில் போய் நின்று "நான் செய்தேன்" என்று சொன்னால் அது உண்மையா, பொய்யா? கடை வியாபாரிகளான நம்மில் பலருக்கு இந்தக் கேள்வி புதிதாகத் தோன்றலாம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவரை யாரும் இப்படி விசாரிப்பதில்லை. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது தேடிப் போகிற உத்தியோகங்களில் ஒன்றுக்கு இதுவே வாசற்படியாக இருக்கிறது. அந்தப் படியில் நின்று அவர்கள் தயங்குவதை நாம் கண்ணால் பார்த்தபடியால் இதைப் பற்றிச் சிறிது எழுதத் துணிந்தோம். நாம் ஓதியது மத்ரஸாவில். பள்ளிப் படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்றது. பெரிய கம்பெனிகளின் இண்டர்வியூ அறையை நாம் எட்டிப் பார்த்ததும் இல்லை. ஆயினும் கேள்வி நியாயத்தைப் பற்றியது. நியாயத்தைப் பற்றி யோசிக்கச் சர்ட்டிபிக்கேட் வேண்டுவதில்லை என்பது நம் அபிப்பிராயம்.

அந்த உத்தியோகத்தின் பெயர் புராஜெக்ட் மானேஜர். திட்ட மேலாளர் என்று தமிழில் எழுதுகிறார்கள். பிள்ளைகளைப் பெற்ற நம்மில் பலருக்கு அது என்ன வேலை என்று விளங்குவதில்லை. "மகன் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கல்யாண வீட்டை நினைத்துக் கொண்டால் விளங்கிவிடும். 500 பேருக்கு நெய்ச்சோறு. சமையலுக்குப் பண்டாரி, இறைச்சிக்கு ஒரு கடை, மேசை நாற்காலிக்கு இன்னொரு கடை, பரிமாற மச்சான்மார்கள். இவர்களுக்கெல்லாம் நடுவே ஒருவர் கையில் துண்டுக் காகிதத்தோடு ஓடிக் கொண்டிருப்பார். அவர் அரிசி களைவதில்லை, அடுப்பு மூட்டுவதில்லை. ஒரு நாற்காலியைக்கூட எடுத்துப் போடாமல் இருக்கலாம். ஆனால் பகல் ஒன்றரை மணிக்குச் சோறு வரவில்லையென்றால் சபை முழுதும் தேடுவது அவரைத்தான். புராஜெக்ட் மானேஜர் என்பவர் அவரே. குறித்த நாளுக்குள், குறித்த பணத்துக்குள், பேசிய சாமானைப் பேசிய தரத்தில் ஒப்படைப்பது அவர் பொறுப்பு. இதிலே ஒரு விசேஷம் என்னவென்றால், பெரும்பாலும் அவருக்குக் கீழே ஆட்களே கிடையாது. பண்டாரி எப்படி அவருடைய சம்பளக்காரர் அல்லவோ, அப்படியே கம்பெனியிலும் வேறு வேறு இலாகாக்களின் ஆட்களைக் கேட்டும், நினைவுபடுத்தியும், சில சமயம் கெஞ்சியும் வேலை வாங்க வேண்டும்.

இந்தத் தொழிலுக்கென்றே 1969-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1984 முதல் அது பரீட்சை வைத்து 'பி.எம்.பி.' என்ற அத்தாட்சியும் கொடுத்து வருகிறது. பட்டதாரியாக இருப்பவர் அந்தப் பரீட்சைக்கு மனுச் செய்ய, தாம் 36 மாதம் திட்டங்களை நடத்தியதாக எழுதிக் காட்ட வேண்டும். சில மனுக்களைப் பொறுக்கி எடுத்து, மனுதாரரின் மேலதிகாரிகளைக் கொண்டு சரி பார்ப்பதும் உண்டு. 'நடத்தினேன்' என்ற ஒரு சொல் அங்கேயே தொந்தரவு கொடுக்க ஆரம்பித்துவிடுகிறது.

நம் தகப்பனார் காலத்து இண்டர்வியூவில் சர்ட்டிபிக்கேட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். எந்த ஊர், யாருடைய மகன், சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்பார்கள். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். இப்போது பெரிய கம்பெனிகளில் ஐந்தாறு பேர் ஒருவர் பின் ஒருவராக, ஆளுக்கு முக்கால் மணி, ஒரு மணி என்று பேசுகிறார்கள். பல சுற்றுக்கள் கம்ப்யூட்டர் திரை வழியாகவே நடந்து முடிகின்றன. "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று அவர்கள் அதிகம் கேட்பதில்லை. "இப்படி ஒரு சந்தர்ப்பம் வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்றே கேட்கிறார்கள். நாள் தவறிப் போகும் என்று தெரிந்துவிட்ட திட்டம் ஒன்றைச் சொல்லுங்கள். உங்கள் பேச்சைக் கேட்கக் கடமைப்படாத ஒருவரிடம் எப்படி வேலை வாங்கினீர்கள்? மேலதிகாரியோடு மாறுபட்ட சமயம் ஒன்றைச் சொல்லுங்கள். தோற்றுப் போன காரியம் ஒன்றைச் சொல்லுங்கள். விடையையும் சந்தர்ப்பம், பொறுப்பு, செயல், பலன் என்று நான்கு பாகமாகப் பிரித்துச் சொல்ல வேண்டுமாம். ஆங்கிலத்தில் அந்த நான்கின் முதலெழுத்தையும் சேர்த்து 'ஸ்டார்' முறை என்கிறார்கள்.

அமேசான் கம்பெனி இந்த முறைக்குப் பேர் போனது. தலைமைக்கு வேண்டிய குணங்கள் என்று 14 விதிகளை வைத்திருந்து, 2021-ல் இன்னும் இரண்டைச் சேர்த்து 16 ஆக்கினார்கள். கேள்விகள் பெரும்பாலும் அவற்றை ஒட்டியே வரும். கேட்பவர்களில் ஒருவர், ஆள் வேண்டியிருக்கும் இலாகாவைச் சேராத வெளியாளாக இருப்பார். அவர் வேண்டாமென்றால் அந்த ஆளை எடுப்பதில்லை. 1999 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. இதை நம் மருமகப் பிள்ளை விளக்கியபோது, எவ்வளவு புத்திசாலித்தனம் என்று வியந்தோம். கடையில் ஆள் இல்லாமல் தவிக்கும் வாரத்தில் நாம் எடுக்கிற ஆள் எப்படிப்பட்டவனாக அமைவான் என்பது வியாபாரிகள் யாவரும் அறிந்ததே. தவிப்பு இல்லாத ஒருவர் பக்கத்தில் இருந்து பார்ப்பது எவ்வளவோ நல்லது.

இது நிற்க. இத்தகைய இண்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்குச் சொல்லித் தரப்படும் முதல் புத்திமதி என்ன தெரியுமா? "'வீ' என்று வாய் தவறியும் சொல்லாதே, 'ஐ' என்று சொல்." நாங்கள் செய்தோம் என்று சொன்னால் கேட்பவர் குறிப்பெழுதிக் கொள்ள ஒன்றும் இராது, நான் செய்தேன் என்று சொன்னால்தான் மதிப்பெண். நம் தங்கை மகன் மாட்டிக் கொண்டது இங்கேதான்.

அவர் ஒரு வியாபார ஸ்தாபனத்தில் வேலை பார்க்கிறார். கிட்டங்கிச் சரக்குக் கணக்கைப் பழைய கம்ப்யூட்டர் முறையிலிருந்து புதிய முறைக்கு மாற்றும் திட்டம் அவர் பொறுப்பில் இருந்தது. 20-க்கு மேற்பட்டவர்கள் எட்டு மாதம் உழைத்தார்கள். மாற்றுவதற்குக் குறித்த சனிக்கிழமைக்கு ஒன்பது நாள் முன்னதாக, வாடிக்கைக்காரர்கள் திருப்பியனுப்பிய சரக்கு புதிய கணக்கில் இரண்டு தடவை ஏறுகிறது என்பதை ஒரு பெண் கண்டுபிடித்தார். அவர் சோதனைப் பிரிவில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர். கிட்டங்கியில் இல்லாத சரக்கு கணக்கில் இருந்தால் என்ன ஆகும் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லவும் வேண்டுமோ! தேதியை இரண்டு வாரம் தள்ளி வைத்து, பிழையைத் திருத்தி, பிறகு மாற்றினார்கள்.

முதலில் போன ஒரு பெரிய கம்பெனியில் இந்தக் கதையை அவர் "நாங்கள், நாங்கள்" என்றே சொல்லியிருக்கிறார். கேட்டவர் மூன்று தடவை நிறுத்தி, "அது சரி, நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்றாராம். வேலை கிடைக்கவில்லை. அடுத்த கம்பெனிக்குப் போகுமுன் நண்பர் ஒருவர் கதையைச் செப்பனிட்டுக் கொடுத்தார்: "கடைசிக் கட்டத்தில் பெரிய பிழை ஒன்றைப் பிடித்தேன். தேதியைத் தள்ளி வைத்தேன். ஸ்தாபனத்தைப் பெரும் நஷ்டத்திலிருந்து காப்பாற்றினேன்." இதைக் கண்ணாடி முன் நின்று பாடம் பண்ணிக் கொண்டிருந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நாம் கடை சாத்துகிற நேரத்துக்கு வந்தார். "மாமா, இதில் பொய் இருக்கிறது. ஆனால் எந்த இடம் என்று விரலை வைத்துக் காட்டத் தெரியவில்லை. மானேஜர் நீ, உன் ஆட்கள் பிடித்தது நீ பிடித்தது மாதிரிதானே என்கிறான் அவன். அதுவும் சரியாகத்தான் படுகிறது" என்றார்.

நண்பர் சொன்னதை எடுத்தவுடன் தள்ளிவிட நமக்கும் முடியவில்லை. மத்ரஸாவில் உஸ்தாத் சொல்லித் தந்த ஒரு பாடம் ஞாபகம் வந்தது. அமீர் நகரத்தைக் கட்டினார் என்று அரபியில் சொல்வதுண்டு. அமீர் கல் சுமக்கவில்லை, சாந்து குழைக்கவில்லை. கட்டியவர்கள் கொத்தனார்கள். அப்படியானால் அந்த வாக்கியம் பொய்யா? இல்லை என்றார்கள் அணியிலக்கணம் வகுத்த அறிஞர்கள். செயலைச் செய்தவன்மேல் ஏற்றாமல், செய்யக் காரணமானவன்மேல் ஏற்றிச் சொல்லும் முறை அது. 'மஜாஸ் அக்லீ' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நேர்ப்பொருளில் சொல்லப்படவில்லை என்பதைக் கேட்பவன் அறிந்துகொள்ள ஓர் அடையாளம் இருக்க வேண்டும். அமீர் விஷயத்தில் அவருடைய பதவியே அடையாளம். அமீர் சாந்துச் சட்டி தூக்கியிருப்பார் என்று எந்தச் சிறுபிள்ளையும் நினைக்காது. ஆகையால் யாரும் ஏமாறவில்லை.

இந்த நிபந்தனையை எடுத்து நம் மருமகப் பிள்ளையின் மூன்று வாக்கியங்கள்மேல் வைத்துப் பாருங்கள். "பெரிய பிழை ஒன்றைப் பிடித்தேன்" என்றால், இண்டர்வியூவில் இருப்பவர் என்ன நினைப்பார்? இவரே கணக்கைக் குடைந்து, கண் விழித்துப் பிடித்தார் என்றுதான் நினைப்பார். மானேஜர் சோதனையிலும் உட்காரக் கூடியவர்தான். ஆகவே அப்படி நினைப்பதைத் தடுக்க ஓர் அடையாளமும் அங்கே இல்லை. அப்படி நினைக்கட்டும் என்றே அந்த வாக்கியம் செதுக்கப்பட்டிருக்கிறது. அமீரைப் பற்றிய வாக்கியமும் இதுவும் அமைப்பில் ஒன்றே. வித்தியாசம் கேட்பவனுடைய மனத்தில் இருக்கிறது. பொய் எந்தச் சொல்லிலும் இல்லாமல், சொல்லுக்கும் கேட்பவனுக்கும் இடையில் இருந்தபடியால்தான் பிள்ளைக்கு விரல் வைக்க இடம் கிடைக்கவில்லை.

நம் தமிழ்மொழி இந்த இடத்தில் ஒரு பெரிய உபகாரம் செய்து வைத்திருக்கிறது. செய்தான் என்பது வேறு, செய்வித்தான் என்பது வேறு. வெட்டினான், வெட்டுவித்தான், கட்டினான், கட்டுவித்தான். ஓர் எழுத்து நடுவில் நுழைந்தவுடன் வேலை செய்த கையும் வேலை வாங்கிய வாயும் பிரிந்துவிடுகின்றன. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் வெட்டுவித்த கல்வெட்டில்கூடக் கோயிலைத் தான் கட்டியதாக இல்லை, எடுப்பித்ததாகவே இருக்கிறது என்று படித்திருக்கிறோம். அவ்வளவு பெரிய சக்கரவர்த்தி, அதைக் கட்டிய பெருந்தச்சனின் பெயரும் கல்லில் ஏற இடம் கொடுத்திருக்கிறான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'வீ' என்பது ஒன்றே; நமக்கோ நாம் என்றும் நாங்கள் என்றும் இரண்டு. "நாங்கள் செய்தோம்" என்று தமிழில் சொன்னால், கேட்கிற நீ அதில் இல்லை, செய்த நாங்கள் இத்தனை பேர் என்று ஒரு வேலி விழுந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலி இல்லை. ஆகையால் 'வீ' என்ற சொல் மூடுபனி மாதிரி இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைப்பட்டால், அதை முழுக்க அநியாயம் என்று சொல்வதற்கில்லை.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் ஒளிந்து கொள்கிறவர்கள் உலகத்தில் குறைவா என்ன? எந்தச் சங்கத்தின் எந்த விழாவை வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளுங்கள். நாற்காலி அடுக்கியவர் இருப்பார், பாத்திரம் கழுவியவர் இருப்பார். மாலை நான்கு மணிக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து போட்டோவில் விழுந்தவரும் மறுநாள், "நாங்கள் நடத்தினோம், மிகச் சிறப்பு" என்பார். இவர் வாயில் 'நான்' வராததால் இவரை அடக்கமானவர் என்று சொல்லிவிட முடியுமா? 'நான்' என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வியிலேயே அகப்பட்டிருப்பார். 'நாங்கள்' அவரைக் காப்பாற்றுகிறது. ஆக, பிறருடைய வேலையை 'நான்' என்று சொல்லியும் திருடலாம், 'நாங்கள்' என்று சொல்லியும் திருடலாம். பின்னதற்குச் சத்தம் குறைவு.

தம்மைக் குறைத்துச் சொல்வது எப்போதும் நற்குணம் என்று நம்மவர்களிடம் ஓர் எண்ணம் ஊறியிருக்கிறது. இதையும் நாம் முழுக்க ஒப்புவதில்லை. தராசில் ஒரு கிலோவுக்கு 950 கிராம் நிறுத்தால் வாடிக்கைக்காரருக்கு நஷ்டம். 1,050 கிராம் நிறுத்துக் கொடுத்தால் கடைக்கு நஷ்டம். இரண்டும் தப்பான நிறையே. எகிப்து மன்னரிடம் யூசுப் நபி (அலை) அவர்கள், நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடும்படி தாமாகவே கேட்டார்கள் என்று நாம் ஓதியிருக்கிறோம். காக்கவும் தெரியும், அதற்கான அறிவும் உண்டு என்று தம் தகுதி இரண்டையும் சொன்னார்கள். பதவியைக் கேட்டு வாங்காதே என்ற நபிமொழியும் இருக்கிறது. இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று ஆலிம்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். நமக்கு இங்கே வேண்டியது சிறிய விஷயம்தான். பஞ்சம் வரப்போகிறது, களஞ்சியத்துக்குக் காவல் வேண்டும், காக்கத் தெரிந்தவர் அங்கே நிற்கிறார். அந்த நேரத்தில் அவர் வெட்கப்பட்டு ஒதுங்கியிருந்தால் பட்டினி கிடப்பது யார்?

ஆகவே பிள்ளையிடம், "அந்தப் பெண் செய்ததை எடுத்து ஒரு பக்கம் வை. திருத்தியவர்கள் செய்ததை இன்னொரு பக்கம் வை. மிச்சம் என்ன இருக்கிறது, அதைச் சொல்" என்றோம். சற்று நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். பிழையை அவரிடம் சொல்ல வந்த பெண்ணை அரை மணி நேரம் உட்கார வைத்துக் கேட்டிருக்கிறார். அதே இரவில் தாமே மூன்று நாள் கணக்கைக் கையால் கூட்டிச் சரி பார்த்திருக்கிறார். மறுநாள் காலை டைரக்டர்கள் முன் போய், சனிக்கிழமை முடியாது என்று சொல்லி, பேச்சு வாங்கியிருக்கிறார். "பிழைத்திருத்தம் ஒரு வாரம், மறு சோதனை ஒரு வாரம் என்று நானே கணக்குப் போட்டுத்தான் இரண்டு வாரம் கேட்டேன், நான்கு வாரம் கேட்டிருந்தால் திட்டத்தையே நிறுத்தியிருப்பார்கள்" என்றார். இத்தனையும் அவர் சொல்லவேயில்லை, பாருங்கள்! 'நாங்கள்' என்று சொன்ன கதையிலும் இது இல்லை. நண்பர் செய்துகொடுத்த 'நான்' கதையிலும் இல்லை. அடக்கம் ஒரு பக்கம் மறைத்தது. ஜம்பம் மறுபக்கம் மறைத்தது. அவருடைய சொந்த வேலை நடுவில் அநாதையாகக் கிடந்தது.

இரண்டாவது இண்டர்வியூவில் அவர் அதைத்தான் சொன்னார். பிழையைப் பிடித்தவர் சோதனைப் பிரிவுப் பெண் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, பிறகு தம் பங்கைச் சொன்னார். கேட்டவர், "அந்தப் பெண் தம்முடைய மேலதிகாரியிடம் போகாமல் ஏன் உங்களிடம் வந்தார்?" என்று கேட்டாராம். எவ்வளவு அருமையான கேள்வி! அதற்கு இவர் சொன்ன விடை, வாரத்துக்கு ஒரு நாள் சோதனைப் பிரிவில் போய் உட்கார்ந்து அவர்களோடு சாப்பிடுவது வழக்கம் என்பது. நண்பர் எழுதிக் கொடுத்த கதையைச் சொல்லியிருந்தால் இந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

வேலை கிடைத்ததா என்று வாசகர்கள் கேட்பீர்கள். கிடைத்தது என்று எழுதினால் கட்டுரைக்கு அழகாக இருக்கும். இரண்டு சுற்று மேலே போனார். பிறகு, வேறொருவரைத் தெரிந்தெடுத்திருப்பதாக இரண்டு வரி வந்தது. காரணம் சொல்லவில்லை. பிள்ளை பழைய இடத்திலேயே இருக்கிறார். நண்பரோ செப்பனிட்ட கதைகளோடு போய் நல்ல சம்பளத்தில் அமர்ந்துவிட்டார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

தோல்வியைச் சொல்லுங்கள் என்ற கேள்வியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதற்கு ஊரறிந்த விடைகள் இருக்கின்றன: "அளவுக்கு மீறி உழைத்துவிடுகிறேன்," "குறையில்லாமல் செய்ய வேண்டுமென்று பிடிவாதம் பிடித்துவிடுகிறேன்." தோல்வி என்ற பெயரில் பெருமையை விற்பது இது. புளியில் கொட்டையோடு நிறுப்பதற்கும் இதற்கும் நாம் அதிக வித்தியாசம் காணவில்லை. ஆனால் குற்றம் சொல்கிறவர்மேல் மட்டும் இல்லை. அமேசானின் விதிகளிலேயே, தலைமையில் இருப்பவர் கூச்சமாக இருந்தாலும் தம் குறையைத் தாமே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற கருத்து இருக்கிறது. நல்ல விதிதான். அப்படிச் சொல்லக் கேட்ட பின், சொன்னவரையே அந்தக் குறைக்காகக் கழித்துவிடும் கம்பெனி எதுவானாலும், அது நாளைக்கு வரப்போகிறவர்களுக்குப் பொய்யைக் கற்றுக் கொடுக்கிறது.

இதெல்லாம் பேச்சு சாமர்த்தியம், உயிர் போகிற விஷயமா என்று கேட்கலாம். போகும். 2004 ஏப்ரல் 20-ந் தேதி சிங்கப்பூரில் வட்டப் பாதை ரயிலுக்காகத் தோண்டிக் கொண்டிருந்த இடத்தில் நிக்கல் நெடுஞ்சாலை சரிந்து விழுந்ததை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு மேஸ்திரி, தம் ஆட்களை மேலே போகச் செய்துவிட்டுத் தாம் அகப்பட்டுக் கொண்டார். அவர் உடல் கிடைக்கவே இல்லை. தோண்டிய பள்ளத்தைத் தாங்கிய தற்காலிகக் கட்டுமானத்தின் இணைப்புக்கள் வேண்டிய பலத்தோடு வடிவமைக்கப்படவில்லை என்றும், முன்கூட்டியே தெரிந்த எச்சரிக்கைகளைத் தக்கபடி மதிக்கவில்லை என்றும் விசாரணைக் கமிஷன் கண்டது. பூமிக்கடியிலிருந்து வந்த எச்சரிக்கையும் யாரோ ஒருவர் கண்ணில் முதலில் பட்டு, இன்னொருவர் காதுக்குப் போய், அங்கிருந்து மேலே போக வேண்டியதுதான். கெட்ட செய்தி தம்மிடம் வந்து சேரும்படியும், தம்மிடமிருந்து மேலே போகும்படியும் நடந்து கொள்ளத் தெரிந்தவரா என்பதே ஒரு திட்ட மேலாளரிடம் தேடவேண்டிய முதல் குணம் என்று நமக்குத் தோன்றுகிறது. பிறர் பிடித்ததைத் தாம் பிடித்ததாகச் சொல்லப் பழகிவிட்டவரிடம், அடுத்த தடவை பிடிக்கிற பெண் எதற்காக ஓடி வருவார்?

சட்டம் இதில் உதவிக்கு வராது. வேலை அனுமதிக்கான மனுவில் பொய்ப் பட்டம் காட்டினால் சிங்கப்பூர்ச் சட்டப்படி 20,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டு வருஷம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பொய் 'நான்' சொன்னதற்கு எந்தக் கோர்ட்டும் கூப்பிடாது. இப்போது இன்னொரு வித்தையும் வந்திருக்கிறது. திரையின் அந்தப் பக்கம் கேள்வி கேட்கும்போதே இந்தப் பக்கம் செயற்கை அறிவு விடையை எழுதிக் காட்ட, அதைப் பார்த்துப் படிக்கிறார்களாம். 2025-ல் கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை, இனி ஒரு சுற்றையாவது நேரில் வைத்துத்தான் நடத்த வேண்டும் என்று பேசும்படி ஆயிற்று. மற்றவருடைய வேலையைத் தம்முடையது என்ற நிலை போய், யாருமே செய்யாத வேலையைத் தம்முடையது என்று சொல்லும் நிலை. இதைப் பற்றி அதிகம் எழுத நமக்கு மனம் இல்லை.

கேட்கிறவர் கடமையைப் பற்றித்தான் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் கூகுள் கம்பெனியின் இண்டர்வியூவில், ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ப் பந்து கொள்ளும் என்பது போன்ற விடுகதைகளைப் போட்டார்கள். 2013-ல் அந்தக் கம்பெனியின் ஆள்சேர்ப்புத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் என்பவரே, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, கேட்பவர் தம்மைக் கெட்டிக்காரர் என்று நினைத்துக் கொள்ளத்தான் உதவுகிறது என்று பத்திரிகையில் ஒப்புக் கொண்டார். மின்னசோட்டா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பால் சாக்கெட்டும் அவர் கூட்டாளிகளும் 2022-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே அளவுகோலோடு கேட்கும் இண்டர்வியூவே, பின்னால் ஒருவர் எப்படி வேலை செய்வார் என்பதைக் காட்டும் முறைகளில் முதலிடம் பெற்றது. அதற்குக் கிடைத்த எண்ணும் 0.42தான், பூரணப் பொருத்தம் என்றால் 1. முதலிடம் பெற்ற முறையே பாதியை எட்டவில்லை. ஆகவே தெரிந்தெடுக்கப்படாதவர் தகுதியில்லாதவர் என்று அந்தக் கம்பெனியும் நினைக்க வேண்டாம், வீட்டில் இருக்கும் தாய் தகப்பனும் நினைக்க வேண்டாம். ஆறு மணி நேரம் ஒருவரைப் பேச வைத்துவிட்டு, பிறகு ஒரு வரிகூட எழுதாமல் விட்டுவிடும் கம்பெனிகளும் இருக்கின்றன. பேரம் பேசிய வாடிக்கைக்காரர் வாங்காமல் போனாலும் "வாங்க, பிறகு பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்புகிறோம். அந்த மரியாதைக்கு என்ன செலவு?

நாமும் கடைக்கு ஆள் எடுக்கிறவர்கள்தாம். நம்மிடம் 16 விதிகள் இல்லை. ஒன்றே ஒன்று கேட்போம்: "இந்த வேலையை யாரிடம் கற்றாய்?" சென்ற வருஷம் ஜொகூரில் ஆறு வருஷம் கடையில் இருந்த ஒருவர் வந்தார். "அரிசி மூட்டை சரியாமல் அடுக்க அங்கே இருந்த பெரியவர் ஒருத்தர் சொல்லிக் கொடுத்தார். பாக்கிக் கணக்கு எழுத முதலாளியின் சம்சாரம் கற்றுக் கொடுத்தாங்க. மீன் டின்னில் தேதி பார்த்து முன்னாடி எடுத்து வைக்கிறது நானாகத்தான் கற்றேன், ஒரு தடவை தேதி போன டின்னை விற்று வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு" என்றார். மறுநாள் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னோம்.